ஆளுக்கு ஒரு முட்டை

2024 மே மாதம் 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். அந்த வாரத்துக்கான சட்டைகளை ஞாயிறு காலையிலேயே இஸ்திரி போட்டு அடுக்கிவிடுவது என் பழக்கம், அதையும் முடித்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கச்சிராயபாளையத்தில். எந்த வேலையையும் முறையாகச் செய்தால்தான் எனக்கு மனசு அடங்கும். ஞாயிறு மதியம் சாப்பிட்டுத் தூங்குவதுகூட எனக்கு ஒரு முறைதான். அன்றைக்கு மட்டும் அது இல்லை. கல்வராயன் மலைக்குப் போய் அடைவைக்க முட்டை வாங்கிவர வேண்டியிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். திருமணமாகி இரண்டாவது வருடம். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். மாப்பிள்ளை நல்லவர், தினமும் போன் செய்வார், வாரக் கடைசியில் வந்து பார்ப்பார். ஆனால் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஸ்கூட்டி ஓட்டினாயா, பப்பாளி சாப்பிட்டாயா, கிரகணத்தன்று வெளியே போனாயா. அதன்பிறகு அவள் வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் வந்தால் போதும், பின்கட்டுக்குப் போய்விடுவாள். நாங்களும் யாரிடமும் எதுவும் பேசுவதில்லை என்று இருந்துவிட்டோம். கடையில் கேட்டால்கூட 'உடம்பு சரியில்லை, வந்திருக்கிறாள்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பின்கட்டில் என் மனைவியின் கோழி அடையில் இருந்தது. அதுவும் எங்களுக்குப் பாரமாகப் போயிற்று. எங்கள் சேவலைச் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டோம். சேவல் போன பிறகு இட்ட முட்டைகளை யோசிக்காமல் அடைவைத்தாள் என் மனைவி. பத்து நாள் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றிலும் உயிர் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துப் புதைத்துவிட்டோம். கோழி எழுந்திருக்கவில்லை. வெறும் வைக்கோலின் மேல், இறக்கையை விரித்து, அப்படியே உட்கார்ந்திருந்தது.

அடை தெளிவிக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்கே செருகி விடுவார்கள். அந்த உறுத்தலில் அது அடையை மறந்துவிடும் என்பார்கள். என் மனைவி வாளியில் தண்ணீரோடு போனபோது மகள் குறுக்கே நின்றாள்.

"வுடும்மா. அதுக்குத் தோணும்போது எழுந்திரிக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து, நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது, என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "ஏம்பா, அதுக்கு வேற முட்டை கெடைக்குமா?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் அந்தப் பக்கம் போனதும் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "வாங்கியாந்து வெச்சி, அதுவும் பொரிக்கலன்னா இன்னா பண்ணுவீங்க? இன்னொரு தடவ அவ எப்பிடித் தாங்குவா?"

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நாலு பேரிடம் கேட்டேன், போனில் படித்தேன். அக்கம்பக்கத்தில் முட்டை இருந்தது. ஆனால் அந்த வெயிலுக்குப் பயந்து எல்லோரும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள், அது அடைக்கு ஆகாது. வெளியில் வைத்தாலும் உதவாது. சூட்டில் கிடக்கும் முட்டை, கோழி உட்காராமலே உயிர்பிடிக்கத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். இதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மலையில் குளிர்ச்சி உண்டு, சேவலும் உண்டு. எங்கள் கடைக்கு வரும் தினை விவசாயி ஒருவருக்குப் போன் செய்து சொல்லிவைத்தேன்.

புறப்படும் முன்பே முட்டை தங்க இடம் தயார் செய்தேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சின்ன அறைதான் எங்கள் வீட்டில் குளுமையானது. அங்கே அகலமான மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதன்மேல் ஒரு கோணிப்பை விரித்து, அதற்கு மேல் காய்ந்த உமி நிரப்பிய சின்னக் கூடை. நானே செய்தேன். மகள் கதவோரம் நின்று பார்த்தாள்.

மலைமேல் வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த விவசாயியின் வீட்டுக்கு நடந்தேன். அவர் மனைவி என் கையிலிருந்த மூங்கில் கூடை, உமி, மேலே மூடத் துண்டு எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க, பொண்ணு அழைக்க வந்தாப்புல வந்துருக்கீங்க!"

உள்ளே இருட்டான மூலையில், தினைக் குதிருக்கு அடியில், அவர் முட்டைகளை வைத்திருந்தார். எல்லாம் கூர்முனை கீழே இருக்க, ஒரு சட்டியில் கேழ்வரகு உமிக்குள் நிற்கவைத்தவை. தினமும் காலையில் சட்டியோடு ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பேன், மறுநாள் அடுத்த பக்கம் என்றார். போன வாரத்துக்கு முந்தியவற்றை ஒதுக்கினேன். "அதுவும் நல்லாதாங்க இருக்கும்" என்றார். வேண்டாம் என்றேன். "ஆபீசர் மாதிரி பாக்குறாரு பாரு" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அவரே ஒவ்வொன்றையும் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்த்து, விரிசல் இல்லாததாகப் பதினொன்று எடுத்துக் கொடுத்தார். அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள்.

மதியம் பஸ் ஏறினேன். முன்பக்கம் இடம் கிடைத்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுகளில் உடம்பை வைத்தே ஆட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நாற்பது வயதுக்கு மேல் ஒரு மலைக்கார அம்மா. காலடியில் பெரிய பலாப்பழம். முன்னால் ஒருவர் பச்சைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

வானம் கறுத்தது. ஜன்னல் ஷட்டரை இறக்க நான் எழுந்தபோது, டிரைவர் ஒரு கையை நீட்டி என் கூடையை வாங்கித் தன் பக்கத்தில், இன்ஜினை மூடியிருக்கும் மேடைமேல் வைத்தார்.

"அடைமுட்டைதானே? இங்க இருக்கட்டும். கோழி மாதிரி கதகதன்னு வெச்சிருக்கும்."

எவ்வளவு அன்பாகச் சொன்னார்! எப்படி மறுப்பது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் பலாப்பழ அம்மா கத்தினார்.

"யண்ணே, அவிச்சிக் குடுக்கப் போறியா? உப்பு மொளகு வெச்சிருக்கியா? எடு அந்தாண்ட! கோழிகிட்ட போற வரைக்கும் அது குளுமையாதான் இருக்கணும்."

"ஏம்மா, நல்லதுக்குத்தானே செஞ்சேன்!" என்றார் டிரைவர். நான் கூடையை எடுத்து அடியில் கைவிட்டுப் பார்த்தேன். மூங்கில் வெதுவெதுப்பாகியிருந்தது. உமி சுடவில்லை. மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

இடி ஆரம்பித்தது. இடிச் சத்தத்தில் முட்டைக் கரு கலங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடைக்கூடையில் கரித்துண்டோ இரும்போ போட்டு வைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அந்த அம்மா தன் தாலிச் சரட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கூடைக்குள் போட்டபோது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"லக்கேஜா இது, குழந்தைங்களா? குழந்தைங்கன்னா அரை டிக்கெட் போடணுமே" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். பஸ் சடாரென்று நின்றது. எதிரே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மழை கொட்டித் தீர்த்துத் தூறலானதும் கண்டக்டர் போன் பேசிவிட்டு வந்து அறிவித்தார். மரம் வெட்ட ஆள் வர ராத்திரி ஆகும். கீழேயிருந்து வந்த பஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. எல்லோரும் இறங்கி மரத்தைத் தாண்டி அதில் ஏறிக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. ஷட்டர் இடுக்கில் சாரல் அடித்து என் கூடையின் ஒரு பக்கம் நனைந்து, உமி ஊறியிருந்தது. அந்த மரத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏற முடியும் என்று தெரிந்தது. கூடையோடு வழுக்கினால் அவ்வளவுதான்.

"அண்ணே, எறங்குங்க."

"நீங்க போங்க. நான் மரம் வெட்டினப்புறம் வரேன்."

"இன்னாண்ணே இது, முட்டைக்காகவா ராத்திரி வரைக்கும் உக்காந்துக்கினு இருப்பீங்க? ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம், எறங்குங்கண்ணே!"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஆனால் எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. என் அண்ணனிடம்கூடச் சொல்லாததை, பேர் தெரியாத அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். என் மகளுக்கு ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வெறும் வைக்கோலில் உட்கார்ந்திருக்கும் கோழிக்காக முட்டை கேட்டாள். இதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அவளிடம் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் வெட்கமாகிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

பாறையில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. காரணம் கேட்கப் போகிறார்கள், பப்பாளி என்பார்கள், கிரகணம் என்பார்கள் என்று காத்திருந்தேன்.

பலாப்பழ அம்மா முந்தானை நுனியைக் கையில் விரித்தார். "எங்கிட்ட ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். "எனக்கு ஒண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அப்புறம் இன்னொரு கை. "மடியில கட்டாதீங்க, ஒடம்பு சூடு ஏறிடும். காஞ்ச துணியில கூரு கீழ பாத்தாப்புல புடிச்சிக்கங்க" என்று அந்த அம்மா எல்லோரையும் அதட்டினார். கண்டக்டர் டிக்கெட் மெஷினைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கைக்குட்டையில் ஒன்று வாங்கிக்கொண்டார். தூங்கிக்கொண்டிருந்தவரும் எப்போதோ விழித்திருக்கிறார். பச்சைத் துண்டில் ஒன்று வாங்கிக்கொண்டார். கடைசியில் கூடை காலியாகிவிட்டது. என் கையில் ஒன்றும் இல்லை.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க, இத்த தூக்குங்க" என்று பலாப்பழத்தை என் தோளில் ஏற்றிவிட்டார் அந்த அம்மா.

டிரைவர் எங்களுக்கு முன்னால் போய், மரத்தின்மேல் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் முட்டையை வாங்கிக்கொள்வார். அவர்கள் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் திருப்பிக் கொடுப்பார். முட்டை மாறும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். ஆள் வழுக்கினால் சிரித்தார்கள். நான் பலாப்பழத்தோடு ஏறியபோது, "அண்ணே, அத்த கூரு கீழ பாத்தாப்புல புடிங்க" என்றார் டிரைவர். அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்போது நானும் சிரித்தேன்.

கீழ் பஸ்ஸில் எல்லோரும் அவரவர் இடத்தில் கையில் முட்டையோடு உட்கார்ந்து வந்தார்கள். ஈர உமியைக் கொட்டிவிட்டேன். ஊருக்குள் நுழையும் முன் என் துண்டைக் கூடையில் மெத்தையாக மடித்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். பத்துதான் இருந்தது. பச்சைத் துண்டுக்காரரைக் காணோம். கோமுகி அணை நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம்.

"தூங்குமூஞ்சி! முட்டையோட எறங்கிட்டான் பாருங்க" என்றார் பலாப்பழ அம்மா. "இந்நேரம் ஆம்லெட் போட்டுருப்பான். போவுது வுடுங்க." தன் ஊக்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். மகள் தொட்டி அறைக் கதவோரம் நின்றாள். ஆட்டம் பட்டு வந்த முட்டையை உடனே கோழிக்குக் கீழே வைக்கக் கூடாது, ஒரு இரவாவது கூர்முனை கீழே அசையாமல் நிற்க வேண்டும், நாளைப் பொழுது சாய்ந்ததும் வைக்கலாம் என்றேன். தலையாட்டினாள். துடைக்காமல், கழுவாமல், ஒவ்வொன்றாக நான் கொடுக்க அவள் உமியில் நிற்கவைத்தாள்.

"பத்து இருக்குதே?" என்றாள் என் மனைவி. "ரெட்டப்படையிலயா வாங்கினீங்க?"

சொல்ல வேண்டியதாயிற்று. மரம், மழை, எல்லாம். நான் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை.

என் மனைவி தலையில் கைவைத்தாள். "பஸ்ல போய்ச் சொன்னீங்களா? வூட்டு விஷயத்த?"

மகள் கூடையைப் பார்த்தபடியே கேட்டாள். "அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா. ஆளுக்கு ஒரு முட்டைய வாங்கிக்கினாங்க."

"எல்லாருமா?"

"கண்டக்டர்கூட. நான்தான் வெறுங்கையா நின்னேன். பலாப்பழத்த எந்தலையில கட்டிட்டாங்க."

"பலாப்பழமா? நீங்களா தூக்கினீங்க?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஸ்திரி சட்டையோடு நான் பலாப்பழம் சுமந்து மரம் ஏறியதை அவள் மனசுக்குள் பார்த்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையானது. மருத்துவமனையில்கூட அவள் அப்படி அழவில்லை. என் மனைவி ஈரமணல் சட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் நிற்பதா போவதா என்று தெரியாமல், ஃபேனை மட்டும் அவர்கள் பக்கம் திருப்பிவைத்தேன்.

எத்தனை பொரித்தன என்று கேட்பீர்கள். எட்டு. மூன்று பொரிக்கவில்லை. அவற்றை என் மகளே எடுத்துப்போய் மாதுளைச் செடி ஓரம் புதைத்தாள். நாங்கள் பயந்ததுபோல எதுவும் ஆகவில்லை. 'எட்டு வந்துருக்குதேப்பா' என்றாள். ஆனால் எனக்கு மறக்க முடியாமல் போனது அதுவல்ல. மலையிலிருந்து வந்த மறுநாள் காலைதான்.

அன்று திங்கட்கிழமை. நான் மோட்டார் போட எழுந்து வந்தபோது வெளிக்கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தொட்டி அறையில் முட்டைக்கூடையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போவாள் என்று நினைத்து நான் வாசலுக்கு நடந்தேன். அதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

பச்சைத் துண்டுக்காரர் நின்றிருந்தார். கையில் தேங்காய்ச் சிரட்டை. அதில் கொஞ்சம் தவிடு, நடுவில் முட்டை.

"தூக்கக் கலக்கத்துல எறங்கிட்டேம்மா. பஸ் ஸ்டாப் டீக்கடையில கேட்டேன், நேத்து முட்டைக் கூடையோட எறங்கினவரு வூடு இதுன்னாங்க. ராவுக்கு எங்க தண்ணிப் பானை ஓரமாத்தான் வெச்சிருந்தேன், சூடு படல. அடை வெச்சிட்டீங்களா?"

"இல்லைங்க. இன்னிக்குச் சாயங்காலம்தான்."

"அப்ப சரி. நான் ஆம்லெட் போட்டுட்டேன்னு நெனச்சிருப்பீங்க."

"நாங்க நெனைக்கலைங்க. பஸ்ல ஒரு அம்மா நெனச்சாங்களாம்" என்றாள் மகள்.

அவர் சிரித்தார். அவளைப் பார்த்தார். பஸ்ஸில் நான் சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார், பார்வையிலேயே தெரிந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிரட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க, காபி சாப்புட்டுப் போலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் அன்று நடந்த முதல் காரியம் அதுதான். தண்ணீர்த் தொட்டி அன்றைக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் நிரம்பியது. இப்போதும் மலை பஸ்ஸில் போகும்போது, யாராவது மடியில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், என்ன ஏது என்று நான் கேட்பதில்லை. கொஞ்ச தூரம் நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.